படுவான்கரையில் துவக்கு: வாங்கப்படாத ஓர் ஆயுதத்தின் வரலாறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவது நம்மவர் மரபு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் அந்நீர்ப்பரப்பின் இருமருங்கும் வாழும் மக்களின் வாழ்வு வேளாண்மையோடும் மீனோடும் பிணைந்தது. படுவான்கரை வேளாண்மைக்கு மேற்கே காடு உண்டு. காட்டினுள்ளே யானையும் பன்றியும் உண்டு. ஆகவே அப்பகுதியின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் துவக்கைப் பற்றி ஒரு சொல்லேனும் எழுதாமல் இருத்தல் இயலாது. எனினும் போடியார், முல்லைக்காரன், வட்டைவிதானை ஆகியோரைப் பற்றிப் பேசும் நம் வரலாற்று நூல்கள் பரணிற் சாத்தி வைக்கப்பட்டிருந்த துவக்கைப் பெரும்பாலும் பேசாமலே விட்டன. அக்குறையை ஓரளவாவது நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளில் என் கருத்துச் செல்வதற்கு ஒரு குடும்பக் காரணமும் உண்டு. 1972ஆம் ஆண்டு அறுவடைக் காலத்தில், உன்னிச்சைக் குளத்துக்குக் கீழுள்ள எங்கள் வயலிற் காவலிருந்த என் பாட்டனாரின் தம்பியை யானை அடித்துக் கொன்றது. மறு ஆண்டு, ஊவாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து நாடு திரும்பவிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் தம் உடைமைகளை விற்கிறார் என்றும், அவற்றுள் பெருங்குழற் சுழற்துவக்கு ஒன்று உண்டென்றும் செய்தி வந்தது. பாட்டனார் பதுளை போய் அதனைப் பார்த்தார், கையில் எடுத்தார், வாங்காமலே திரும்பி வந்தார். "அண்டைக்கு அதை வாங்கியிருக்க வேணும்" என்று என் தந்தையார் இன்றும் சொல்வதுண்டு. பாட்டனார் செய்தது சரியா, பிழையா? வீட்டுத் திண்ணையில் ஐம்பது ஆண்டுகளாகத் தீராத இவ்வழக்கை வரலாற்றின் முன் வைத்து ஆராய்ந்தால் என்ன என்ற எண்ணமே இக்கட்டுரையாக விளைந்தது.

துவக்கு வந்த வழி

துவக்கு என்ற சொல்லே வெளியிலிருந்து வந்தது. துருக்கி மொழியின் 'துஃபெக்' என்பதோடு அது உறவுடையது. தமிழகத்தார் துப்பாக்கி என்பதை ஈழத்தவர் துவக்கு என்பர். சிங்களவர் துவக்குவ என்பர். ஒரே பொருளை இந்நாட்டின் இரு மொழிகளும் ஒரே பெயரால் அழைத்தல், அது இரு மக்களிடத்தும் ஒரே வழியாக, ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தது என்பதற்குச் சான்று எனலாம்.

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தபின் வெடிமருந்தின் பயன்பாடு இங்கு விரைந்து பரவிற்று. சிங்களக் கம்மாளர் துவக்குச் செய்யும் தொழிலிற் சிறந்து விளங்கினர். பிளந்து சுருண்ட அடிப்பிடியை உடைய கண்டித் துவக்குகள் இன்றும் அரும்பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளன. மட்டக்களப்பைப் பொறுத்தவரை, 1602இல் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இக்கரையில் இறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் அடம் வெஸ்ரர்வோல்ட் என்பாரின் தலைமையில் வந்த ஒல்லாந்தரும் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையும் கூடி அக்கோட்டையைக் கைப்பற்றினர்.

கோட்டை விழுந்த சில நாள்களுள் மட்டக்களப்பிலேயே எழுதப்பட்ட உடன்படிக்கை இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தர் படையுதவி செய்வர். அதற்கான செலவைக் கறுவா முதலிய விளைபொருள்களால் அரசன் ஈடுசெய்வான் என்பது அதன் சாரம். கைப்பற்றிய கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருப்பது அரசனின் விருப்பத்துக்கு உட்பட்டதா அன்றா என்ற வாசகத்திலேயே பின்னர் பிணக்கு மூண்டது. காவலுக்கு அழைக்கப்பட்டவன் வீட்டுக்காரனானான். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனை இன்றும் பழமொழியாகச் சொல்வர். பிறனுடைய ஆயுதத்தை விலைகொடுத்து வாங்கியவன் அவ்விலையை ஒருமுறையில் கொடுத்து முடித்தானல்லன் என்பதற்கு நம் வாவிக்கரையிலேயே எழுதப்பட்ட முதற்சான்று இதுவாகும்.

பிரித்தானியர் 1795இல் மட்டக்களப்பைக் கைக்கொண்டனர். அவர்கள் காலத்திலே துவக்கு இரு வேறு கைகளில் இரு வேறு பொருளைப் பெற்றது. வெள்ளைக்காரத் துரையின் கையில் அது விளையாட்டுக் கருவி. குடியானவன் கையில் அது வேளாண்மைக் காவற் கருவி. இவ்விரண்டையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

துரையின் துவக்கு

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் யானை வேட்டை ஐரோப்பாவெங்கும் பேர்போனது. மேஜர் றொஜர்ஸ் என்பார் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் புகழ்பெற்றார். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கப்டன் கோல்வே, தெருக்கள் அமைத்த மேஜர் ஸ்கின்னர் ஆகியோர் அதிற் பாதியளவு கொன்றவர்கள் என்பர். அரசாங்கமே யானைத் தலைக்கு இத்தனை சிலிங்கு என்று பரிசு கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3500 யானைகளும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2000க்கு மேற்பட்டவையும் அழிந்தன என்று சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளிவந்த தம் நூலிற் பதிந்துள்ளார். இலங்கை ஆண்யானைகளுள் தந்தமுடையவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆகவே இவ்வழிவு தந்தத்துக்காக நடந்தது எனக் கொள்ளல் பொருந்தாது; பெரும்பகுதி விளையாட்டுக்காகவே நடந்தது.

இவ்வேட்டைக்காரருள் சாமுவேல் பேக்கர் நம் பிரதேசத்தோடு நெருங்கிய தொடர்புடையவர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த அவர், பதுளைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட புல்வெளி நாட்டை 'பூங்கா' என்று அழைத்து அங்கே பன்முறை வேட்டையாடினார். அவருடைய துவக்குகளைப் பற்றிய செய்தி நம் வினாவுக்கு நேரே விடை தருவதாகலின் அதனைச் சிறிது விரிப்போம். அவர் தமக்கென்று செய்வித்த ஒற்றைக்குழல் றைபிள் 21 இறாத்தல் எடையுள்ளது. அதன் உருண்டைக் குண்டு 3 அவுன்சு, கூம்புக் குண்டு 4 அவுன்சு. யானையின் மண்டையோட்டின் முன்பகுதி தேன்கூடு போன்ற எலும்பறைகளால் ஆயது. மூளை அதன் பின்னே ஆழத்தில் உள்ளது. அவ்வெலும்பைத் துளைத்துச் செல்ல அத்துணைப் பாரமான குண்டும் அத்துணைப் பெருந்தொகை வெடிமருந்தும் வேண்டியிருந்தன. எல்லாம் வாய்வழி மருந்து இடித்து நிரப்பும் துவக்குகளாகையால், ஒருமுறை வெடித்தால் மீண்டும் நிரப்ப நேரமில்லை. எனவே நிரப்பிய வேறு துவக்குகளைத் தாங்கிய கூலியாட்கள் துரையின் பின்னே நின்றனர். அவர்கள் ஓடாது நிற்கும் மட்டும் துரை வீரர். ஓடிவிட்டாலோ அவர் வெறுங்கையர்.

சுழற்துவக்கு என்னும் கருவியின் கவர்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கரான சாமுவேல் கொல்ற் 1836இல் தம் நாட்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் அவருடைய சுழற்துவக்குகள் வைக்கப்பட்டன; அதே ஆண்டில் ஆங்கிலேயரான றொபேட் அடம்ஸ் போட்டியாக ஒன்றை ஆக்கினார். பின்னே ஆளில்லாமல், ஒரே கையில் ஐந்து ஆறு வெடி! காட்டிலே தனித்து நிற்பவனுக்கு இதனிலும் இனிய வாக்குறுதி வேறென்ன உண்டு? இந்தியாவில் யானைமேல் அம்பாரியிலிருந்து புலி வேட்டையாடிய அதிகாரிகள், பாய்ந்து ஏறும் புலியைத் தள்ளுவதற்கென இரட்டைக்குழற் பெருங்கைத்துவக்குகளை இடுப்பில் வைத்திருந்தனர். பின்னர் அவ்விடத்தைப் பெருங்குழற் சுழற்துவக்குகள் பிடித்துக்கொண்டன. 1887இல் பிரித்தானியப் படை வெப்லிச் சுழற்துவக்கை ஏற்றது; .455 அங்குலக் குழலுடைய அவ்வகை முதலாம் உலகப்போரிலும் வழங்கியது. இந்நாட்டுத் தோட்டத்துரைமார் சிலரிடம் இருந்தனவும் இவ்வினத்தவையே.

ஆனால் வாக்குறுதி ஒன்று, கணக்கு வேறொன்று. பேக்கரின் 3 அவுன்சுக் குண்டு ஏறத்தாழ 85 கிராம். .455 வெப்லியின் குண்டு ஏறத்தாழ 17 கிராம். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதன் வேகமும் குறைவு. மனிதனை வீழ்த்துவதற்கென்று ஆக்கப்பட்ட அக்கருவியால் யானையின் நெற்றியை ஊடறுக்க இயலாது. காயப்படுத்த மட்டும் இயலும். காயப்பட்ட யானையோ காயப்படாத யானையினும் பன்மடங்கு கொடியது. அது அன்றிரவே காட்டுக்குத் திரும்பிவிடுவதுமில்லை. வேட்டைக்கென்றே வலிமைமிக்க சுழற்துவக்குகள் பின்னாளில் அமெரிக்காவிலேயே தோன்றின. 1950களின் நடுப்பகுதியில் .44 மக்னம் வந்தது, 2003இல்.500 அளவுடையது வந்தது. அவையும் மானுக்கும் பன்றிக்கும், கரடியைத் தடுப்பதற்கும் என்றே பெரிதும் பேசப்படுகின்றன. இரு கையாற் பிடித்துப் பலநாட் பயிலாதவன் கையில் அவற்றின் இரண்டாம் வெடி எங்கே போகும் என்பதை எவராலும் உறுதி கூற முடியாது.

குடியானவனின் துவக்கு

வெள்ளைக்காரன் விளையாடிய அதே காட்டின் விளிம்பில் நம் உழவன் காவலிருந்தான். சேர் ஹென்றி வாட் தேசாதிபதியாயிருந்த 1855 - 1860 காலப்பகுதியில் இறக்காமம், அம்பாறை முதலிய பழங்குளங்கள் திருத்தப்பட்டன. குளம் திருந்தத் திருந்த வயல் காட்டை நோக்கி நகர்ந்தது. வயல் நகர நகர யானையின் தடத்திற் பரண் எழுந்தது. தகரத்தைத் தட்டுதல், தீவட்டி காட்டுதல், கூவுதல் ஆகியவற்றோடு இடியன் துவக்கும் காவற்கருவியாயிற்று. குழலின் வாய்வழியே மருந்தையும் சன்னத்தையும் இட்டு இடிப்பதனால் அதற்கு அப்பெயர். பன்றிக்கும் மானுக்கும் அது போதும். யானைக்கு அதன் ஓசை மட்டுமே பயன்.

யானையை எதிர்கொள்ளத் துவக்கு இன்றியமையாததன்று என்பதற்கு நம் பகுதியிலேயே சிறந்த சான்றுண்டு. ஏறாவூர்ப் பணிக்கர் எனப்படும் முஸ்லிம் யானைபிடிகாரர் தோற்கயிற்றுச் சுருக்கோடு காட்டினுட் சென்று, பின்னாலே ஒதுங்கிப் பதுங்கி, யானையின் பின்னங்காலிற் சுருக்கிட்டு, கயிற்றின் மறுமுனையை மரத்திற் கட்டுவர். இரண்டு பேர், ஒரு கயிறு, வேறொன்றும் இல்லை. இத்தகைய பணிக்கரின் துணிவையும் நுட்பத்தையும் ரெனன்ற் வியந்து எழுதியுள்ளார். ஆயின் அவர்கள் நம்பியது கயிற்றையன்று. காற்றின் திசையையும், யானையின் குணத்தையும், அருகில் நின்ற தோழனையும் அறிந்த அறிவையே நம்பினர். அவ்வறிவு ஒரு தலைமுறையில் விலைக்கு வாங்கக்கூடியதன்று.

இடியனுக்கு ஒரு கொடிய தம்பியும் உண்டு. அது கட்டுத்துவக்கு. விலங்கு வரும் தடத்திற் குழலைக் கட்டிக் குறுக்கே நூலை இழுத்து வைப்பர். நூலை இடறியது எதுவோ அது விழும். பன்றிக்கும் மனிதனுக்கும் அந்நூல் வேறுபாடு அறியாது. பாட்டனார் சிறுவனாயிருந்தபோது, விடியற்காலையில் மாடு தேடிச் சென்ற அயலவர் ஒருவர் அவ்வாறு இறந்துகிடக்கக் கண்டாராம். வைத்தவரும் இறந்தவரும் ஒரே வட்டையிற் பயிர் செய்தவர்கள். அக்காட்சியைச் சாகும் வரையும் அவர் மறக்கவில்லை.

சட்டமும் கலகமும்

துவக்கை அரசு எவ்வாறு நோக்கியது என்பதும் ஆராயற்பாலது. தேசாதிபதி ரொறிங்டன் 1848இல் விதித்த புதிய வரிகளுள் துவக்கு வரியும் ஒன்று. ஒரு துவக்குக்கு ஆண்டுக்கு 2 சிலிங்கு 6 பென்சு. நாய் வரியோடும் தெருவேலைக் கடமையோடும் சேர்ந்து அது மக்களை எரிச்சலூட்டிற்று. அவ்வாண்டு யூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் மூண்டது. பரிசு கொடுத்து யானையைச் சுடச் சொன்ன அதே அரசு, பயிரைக் காக்கத் துவக்கு வைத்திருந்த உழவனிடம் வரி கேட்டதென்பது அக்கால ஆட்சியின் இயல்பை நன்கு விளக்குகிறது.

1915இல் சிங்கள - முஸ்லிம் கலவரம் நிகழ்ந்தது. மறு ஆண்டே, 1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. உரிமமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றமாயிற்று. உரிமத்தைக் கச்சேரியிற் பெற்று ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். விற்பவனிடமிருந்த உரிமம் பொருளோடு சேர்ந்து வாங்குபவனுக்குக் கைமாறுவதுமில்லை. அவன் தன் பெயரில் தானே பெறல் வேண்டும். 1937இன் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானையைக் காக்கப்படும் விலங்காக்கியது. எண்பது ஆண்டுகளுக்கு முன் தலைக்கு விலை பேசப்பட்ட விலங்கு இப்போது அரசின் காவலுக்குள் வந்தது. இம்மாற்றம் நல்லதே. எனினும் காட்டோரத்து உழவனை யார் காப்பது என்ற வினாவுக்கு அச்சட்டம் நிறைந்த விடை தரவில்லை.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. பெருங்காடு வெட்டப்பட்டது, சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தது, 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைந்தது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மனிதருக்கு எல்லைகள் புதிதாக வரையப்பட்டன. யானையோ பழைய தடத்தை மறக்கவில்லை. 1972இல் என் பாட்டனாரின் தம்பி இறந்ததற்கு அந்த யானை மட்டுமே காரணமென்று நான் கருதவில்லை. நூறாண்டுகளாக வயலும் காடும் ஒன்றையொன்று நெருக்கி வந்ததன் விளைவு அப்பரணில் அன்றிரவு நிகழ்ந்தது.

பதுளையிற் பார்த்தது

இனிப் பாட்டனாரின் முடிவுக்கு வருவோம். அவர் ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். ஆனால் கலப்பையும் மாட்டுவண்டியும் இடியனும் தம் கையாலேயே பழுதுபார்த்தவர். பதுளையில் அவர் கண்டவற்றைப் பாட்டியார் வழியாகவும் தந்தையார் வழியாகவும் கேட்டறிந்தேன்.

முதலாவது, கருவியின் நிலை. சுழற்துவக்கின் உருளையிலுள்ள ஒவ்வோர் அறையும் வெடிக்கும் கணத்திற் குழலோடு நேராகப் பொருந்துதல் வேண்டும். தேய்ந்த உருளை ஆடும், நேர் தவறும், குண்டின் ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டிலே தெறிக்கும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியாகச் சுடுவாயு எப்போதுமே சிறிது வெளியேறும். இடைவெளி பெருகினால் அவ்வாயு கையைச் சுடும், குண்டின் வலிவும் குறையும். பாட்டனார் உருளையை விரலாற் பிடித்து அசைத்துப் பார்த்தபோது அது ஆடியதாம். குழலின் உள்ளே வெளிச்சம் பிடித்துப் பார்த்தபோது துருக்குழிகள் தெரிந்தனவாம். கருமருந்துக் காலத்துக்கென்று ஆக்கிய பழந்துவக்கிற் பிற்காலப் புகையற்ற மருந்துத் தோட்டாவை இட்டால் அறையே வெடிக்கவும் கூடும் என்பது அவர் அறிந்திருக்க முடியாத செய்தி. எனினும் அவருடைய ஐயம் அப்பக்கமே சென்றது.

இரண்டாவது, தோட்டா. அதனோடு தரவிருந்தவை பதினொன்று. அவையும் எத்தனை ஆண்டுப் பழமையானவை என்று விற்றவருக்கே தெரியவில்லை. பதினொன்றும் தீர்ந்தபின் எங்கே வாங்குவது? மட்டக்களப்புக் கடைகளிற் கிடைத்தது பன்னிரண்டாம் இலக்கச் சன்னத் தோட்டா மட்டுமே. பிரித்தானியப் படையே 1932இல் .38 அளவுக்கு மாறிவிட்டதனால் அப்பழைய அளவு அருகிவந்தது. பழைய ஆயுதமொன்றை வாங்குபவன் அதன் தோட்டா கிடைக்கும் வழியையும் சேர்த்தே வாங்குதல் வேண்டும். இல்லையேல் அவன் வாங்குவது இரும்பு.

மூன்றாவது, காலம். 1971 ஏப்பிரலில் எழுந்த கிளர்ச்சியில் இளைஞர் பெரிதும் நம்பியவை வேட்டைத் துவக்குகளும் கையாற் செய்த குண்டுகளுமே. அவற்றுட் பல உழவர் வீடுகளிலிருந்து கவரப்பட்டவை. அதன்பின் இரண்டே ஆண்டுகளில், இடுப்பில் மறைக்கத்தக்க சுழற்துவக்கொன்றுக்கு உரிமம் கேட்டு ஓர் உழவன் கச்சேரிப் படியேறினால் அவனை எவ்வாறு நோக்கியிருப்பர்? நெடுந்துவக்கைத் தோளிற் கொண்டு செல்பவன் வயலுக்குப் போகிறான் என்று ஊர் அறியும். மடியில் மறைத்துச் செல்பவன் எங்கே போகிறான் என்று யார் அறிவார்?

இம்மூன்றுக்கும் மேலாக நான்காவதொன்று இருந்தது. அதனை அவர் தம் பேச்சிலேயே சொன்னதாகப் பாட்டியார் கூறுவார்: "இது கிறுகிற துவக்கு. இண்டைக்கு ஆனைக்கெண்டு வாங்கிறம். நாளைக்கு எந்தப் பக்கம் கிறுகுமெண்டு ஆருக்குத் தெரியும்?" கிறுகுதல் என்பது மட்டக்களப்பார் திரும்புதலுக்கு வழங்கும் சொல். உருளை கிறுகுவதைச் சொன்னாரா, காலம் கிறுகுவதைச் சொன்னாரா என்று பிரித்தறிதல் கடினம். தம்பியை இழந்த துயரமும் சினமும் நெஞ்சிலிருந்த ஒருவர், இரவின் இருளில் அவ்வாயுதத்தோடு பரணிலிருக்கும் தம்மைத் தாமே அஞ்சினார் என்றே நான் கருதுகிறேன். வாவியிலிருந்து திரும்பும் மீன்காரர், மாடு சாய்த்துவரும் ஏறாவூரார், வரம்பால் நடக்கும் அயலவர் ஆகிய அனைவருமே இரவிற் காலடியோசைதான். கட்டுத்துவக்கில் இறந்தவரை அவர் மறந்தாரல்லர்.

தந்தையாரின் வாதம்

ஒரு பக்கத்தை மட்டும் கூறி முடித்தல் வரலாற்று நெறியன்று. தந்தையாரின் வாதத்திலும் நியாயமுண்டு. பாட்டனார் வெறுங்கையோடு திரும்பிய அடுத்த போகத்தில் எங்கள் வயலின் பாதியை யானை தின்றது. கடன் வாங்கி விதைத்த நெல். பாட்டியாரின் காப்பு அடகுக்குப் போயிற்று. அது திரும்பி வரவில்லை. "வெடியின் சத்தமெண்டாலும் கேட்டிருக்கும்" என்பார் தந்தையார். வயலை இழப்பவன் முன் நின்று ஆயுதத்தின் தீமையை மட்டும் பேசுவது எளிது. நகர விடுதியிலிருந்து எழுதும் எனக்கு அது இன்னும் எளிது. இதனை நான் மறவேன்.

ஆயினும் ஓசைக்காக வாங்கவேண்டியது சுழற்துவக்கன்று. ஓசைக்கு இடியன் இருந்தது. பின்னாளில் யானைவெடி வந்தது. கொல்வதற்காகவெனில் அது யானையைக் கொல்லாது. கணக்கினை மேலே கண்டோம். தற்காப்புக்காகவெனில், பரணில் உறங்கியெழுந்த ஒருவன், இருளில், ஒரு கையால், ஆடும் உருளையோடு, ஓடிவரும் யானையின் மூளையை நாடிச் சுடுதல் பேக்கரே துணியாத செயல். ஆகவே அக்கருவி அவர் வேண்டிய மூன்று பயன்களுள் ஒன்றையும் தரவல்லதன்று. அது தரவல்ல பயன் நான்காவதொன்றே: மனிதனை எதிர்த்தல். அப்பயனை அவர் வேண்டவில்லை.

பின்வந்த ஆண்டுகள் அவர் அச்சத்துக்குச் சான்றாயின. 1983க்குப் பின் நம் பகுதியில் துவக்குப் பன்றிக்கெனக் கருதப்படவில்லை. உரிமம் பெற்ற துவக்கு வீட்டில் இருப்பதே வீட்டாருக்கு ஆபத்தாயிற்று. ஒரு சாரார் அதனைத் தேடி வந்தனர், மறு சாரார் அது எங்கே போயிற்று என்று கேட்டு வந்தனர். 1990ஆம் ஆண்டு வாவியின் இரு கரையும், தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே, கண்டவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1996இல் சுடுகலன் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் மிகவும் கடுமையாயின. 2007 யூலையில் குடும்பிமலை படையினர் வசமாயிற்று. 2009இற் போர் முடிந்தது. அக்காலமெல்லாம் எங்கள் வீட்டைத் தேடி வந்தோர் கேட்ட வினாவுக்கு, "எங்களிட்ட ஒண்டும் இல்லை" என்று பாட்டனார் உண்மையாகவே சொல்ல முடிந்தது. அவ்வுண்மையின் விலை ஒரு சோடிக் காப்பும் பாதி வயலும் என்று நான் கணக்கிடுகிறேன். அக்காலத்தைக் கடந்து தந்தையார் உயிரோடிருப்பதை அக்கணக்கின் மறுபக்கத்தில் எழுதுகிறேன். இரண்டுக்கும் நேரான தொடர்பு உண்டெனத் துணிந்து நிறுவ வரலாற்று மாணவனால் இயலாது. ஆனால் அப்படியான வீடுகளின் நடுவில் வாழ்ந்தவன் அத்தொடர்பை மறுக்கவும் இயலாது.

முடிவுரை

2011இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5879 காட்டு யானைகள் இருந்தன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் இறந்தனர். துவக்குச் சூடு, மின்சாரம், இரையினுள் மறைத்து வைக்கும் வெடி என்பன யானைச் சாவுக்கான காரணங்களுள் முன்னிற்கின்றன. வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானை உண்ணமுடியாது நாட்கணக்கிற் பட்டினியால் இறக்கும். இவையெல்லாம் தனித்தனி உழவன் தனித்தனியே தேடிக்கொண்ட ஆயுதங்களின் விளைவுகள். இதற்கு மாறாக, ஊரையும் வட்டையையும் சுற்றி மக்கள் கூடியமைத்துக் கூடிப் பேணும் மின்வேலிகள் பயன்தந்த இடங்களும் உண்டு. வட்டைவிதானையின் தலைமையில் அணைக்கட்டையும் வாய்க்காலையும் கூடிப் பேணிய நம் மரபுக்கு இது புதிதன்று. நீரைக் கூடிப் பேணியவர் காவலை மட்டும் தனித்தனியே விலைக்கு வாங்க முயன்றதே நாம் இழைத்த பிழை எனலாம்.

ஆகவே திண்ணை வழக்குக்கு என் தீர்ப்பு இது. பாட்டனார் அன்று வாங்காமல் வந்தது சரி. ஆயின் வாங்காமல் வந்தவருக்கு வேறு காவல் எதனையும் அரசும் ஊரும் கொடாமல் விட்டது பிழை. தந்தையாரின் சினம் உண்மையில் அப்பிழையின் மீதே செல்லவேண்டியது. இக்கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்ட எண்ணியுள்ளேன். அவர் ஒப்புவாரோ அறியேன். மாரி வேளாண்மை கதிர் விட்டுள்ள இந்நாள்களில், அவர் யானைவெடிகள் சிலவற்றையும் கைவிளக்கொன்றையும் எடுத்துக்கொண்டு இரவுதோறும் அதே வயலுக்குப் போகிறார்.